ஒரு கையால் வாங்கிய தேநீர்

"வணக்கம் வைக்கத் தெரியாதவனுக்கு உள்ளே என்ன வேலை? வாசலோட அனுப்புங்க!"

லீஹுவா சமையலறையிலிருந்தே கத்தினாள். யோங்ச்சுன் ஊரில் வெள்ளைக் கொக்கு வித்தை சொல்லித்தரும் ஆசான் பானின் மனைவி. முப்பது வருடமாக அவர் கை கால்களைப் பழக்கினார். அவள் நாக்கைப் பழக்கியிருந்தாள்.

முற்றத்தில் நின்றவன் காவ் தெங். வயது இருபத்தாறு. ஊர் ஊராகப் போய்ப் பழைய ஆசான்களைச் சவாலுக்கு இழுத்து, கீழே தள்ளி, அதைப் போனில் நேரலையாகக் காட்டுவான். கம்பில் மாட்டிய போனோடு கூட்டாளி ஒருவனும் வந்திருந்தான்.

பான் வலது முஷ்டியை இடது உள்ளங்கையால் மூடி, நெஞ்சுக்கு நேரே உயர்த்தி வணங்கினார். பதிலுக்கு அவனும் அப்படி வணங்க வேண்டும். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அதற்குத்தான் லீஹுவாவின் அந்தக் கத்தல்.

மாணவர்கள் முணுமுணுத்தார்கள்.

"ஒரு பொம்பளை கொக்கைப் பார்த்துக் கண்டுபிடிச்ச வித்தையாம்," என்றான் காவ் தெங், போனைப் பார்த்து. "இன்னிக்கு அந்தக் கொக்கோட இறக்கையைப் பிச்சுக் காட்டுறேன்."

"எங்கே, பிச்சுப் பாரு! இங்கேயும் ஒரு பொம்பளை இருக்கா!" லீஹுவா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"நீ தேநீர் கொண்டா," என்றார் பான்.

சவால் விட வந்தவனுக்கும் முதலில் தேநீர். அந்தக் கூடத்தின் வழக்கம் அது. பான் இரண்டு கைகளாலும் கோப்பையை நீட்டினார். அவன் இடது கையை மட்டும் நீட்டி வாங்கி, ஒரே மடக்கில் குடித்தான்.

பெரியவர் கொடுப்பதை ஒற்றைக் கையால் வாங்குவதா?

மூத்த மாணவன் ஹோங் பாய்ந்து வந்தான். "ஆசானே, என்கிட்ட விடுங்க. ஒரே நிமிஷம்!"

பான் அவனைத் தடுத்தார். காலிக் கோப்பையைத் திருப்பி வாங்கும்போது காவ் தெங்கின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். பிறகு போனுக்கு நேராக நிமிர்ந்தார்.

"தம்பி, நான் தோத்துட்டேன். உனக்கு என்னால ஈடு கொடுக்க முடியாது."

ஓர் அடிகூட விழவில்லை. கிழட்டுக் கொக்கு கெஞ்சுகிறது பார் என்று நேரலையைப் பார்த்தவர்கள் சிரிப்பாய்ச் சிரித்தார்கள்.

மாலைக்குள் நான்கு பெற்றோர், பிள்ளைகளைப் பயிற்சியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஹோங் இடுப்புக் கச்சையை அவிழ்த்து வைத்துவிட்டு, செருப்பைக்கூட மறந்து, வெறுங்காலோடு போய்விட்டான்.

லீஹுவாவுக்கு ஆறவில்லை. "முப்பது வருஷமா விடியக்காலையில மரக்கட்டையை அடிச்சு என் தூக்கத்தைக் கெடுத்தீங்களே, இதுக்குத்தானா?"

பான் சுவரில் இருந்த ச்சிநியாங் படத்தைக் காட்டினார். வித்தையை உண்டாக்கியவள். "இவ மூங்கில் கம்பால அடிச்சு விரட்டினப்போ கொக்கு திருப்பிக் கொத்திச்சா? ஒதுங்கித்தானே நின்னுச்சு? அதைப் பார்த்துத்தானே இவளே கத்துக்கிட்டா?"

"கொக்குக்கு என்ன! நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போய் நாலு பேர் மூஞ்சியில முழிக்கப்போறது நான்!"

"காலையில அந்த மூலிகைச் சாராயத்தைச் சுட வச்சுடு. பின்கதவைத் தாழ் போடாதே," என்றார் பான். எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் ஊரில் அவர்தான் வைத்தியர்.

காலை ஆறு மணிக்குப் பின்கதவு தட்டப்பட்டது.

காவ் தெங். போன் இல்லை, கூட்டாளி இல்லை.

"இன்னும் என்னடா மிச்சம்?" என்றாள் லீஹுவா.

"ஆசான்தான் வரச் சொன்னார்மா. நேத்து, காதுல."

சட்டையைக் கழற்றினான். வலது தோள் கன்றிப்போய், கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

"முந்தாநாள் பயிற்சியில பிசகிடுச்சு. சவாலை முன்னாடியே போன்ல அறிவிச்சுட்டேன். வெளியே தெரிஞ்சா என் பேரு போயிடும். கையை நெஞ்சு வரைக்கும்கூடத் தூக்க முடியல. ஒரு தட்டு தட்டியிருந்தா விழுந்திருப்பேன்."

லீஹுவா கணவரைப் பார்த்தாள். "இதை நேத்து அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"அடிபட்டவனை அடிக்கக் கூடாதுன்னு சுவத்துல எழுதி வச்சிருக்கோம்," என்றார் பான், தோளை நீவிக்கொண்டே. "அத்தனை பேருக்கு முன்னாடி சொல்லியிருந்தா, அதுவும் அடிதானே?"

விட்டுப்போன செருப்பை எடுக்க வந்த ஹோங் இதைக் கேட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டான். சற்று நேரத்தில் முற்றத்தைப் பெருக்கும் சத்தம் கேட்டது.

லீஹுவா உள்ளே போய்த் தேநீரோடு வந்து, இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

காவ் தெங் பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையையும் உயர்த்தப் பார்த்தான்.

"அறிவு கெட்டவனே, அந்தக் கையை அசைக்காதே!" என்று அதட்டினாள் லீஹுவா. "ஒத்தைக் கையாலேயே வாங்கிக் குடிடா!"