கொம்பன்

“கொம்பன் எண்டா ஆர், மகள்?”

பெண் பார்க்க வந்த ஜொஹறா கதிரையில் இன்னும் சரியாகச் சாயக்கூட இல்லை. அதற்குள் கேட்டுவிட்டா.

ஸஜாத் நிமிர்ந்து உட்கார்ந்தான். மாப்பிள்ளை வீட்டார் செட்டிகுளத்திலிருந்து சோதனைச் சாவடி சோதனைச் சாவடியாக இறங்கி ஏறி வந்திருக்கிறார்கள். வாப்பா மௌத்தான பிறகு தங்கச்சி றிஸானாவுக்கு நானாவும் அவன்தான், வாப்பாவும் அவன்தான். நல்ல சம்பந்தம். கை நழுவிப் போகக்கூடாது.

“ஆர் கொம்பன்? எனக்கு விளங்கேல்லை மாமி” என்றான்.

“உங்கட தங்கச்சி படிப்பிக்கிற கொம்பியூட்டர் சென்ரருக்குப் பக்கத்துக் கடையில எங்கட சொந்தக்காரப் பிள்ளை ஒண்டு நிக்குது. சனிக்கிழமை மத்தியானத்தில இவா காதில எதையோ மாட்டிக்கொண்டு கத்துறாவாம். ‘கொம்பன், பயப்பிடாத, முன்னுக்குப் போ, நான் பின்னால நிக்கிறன்’ எண்டு.”

ஜொஹறாவின் கணவர் கச்சு முகம்மது குரலைத் தாழ்த்தினார். “அதோட, ‘றெயிட்டுக்கு வாங்கோ, றெயிட்டுக்கு வாங்கோ’ எண்டும் கூப்பிடுறாவாம். தம்பி, ஆமிக்காரன் வீடு வீடா றெயிட் அடிக்கிற இந்த நேரத்தில, வவுனியாவில வாயில எடுக்கிற சொல்லோ அது?”

ஸஜாத்தின் கடைக் கணக்குக் கொம்பியூட்டர் இருந்த மேசையில் அவன் மனைவி நிஹ்லா வட்டிலாப்ப இனிப்பைக் கொண்டுவந்து வைத்தாள். குசினி வாசலுக்குத் திரும்பிப் போய் நின்றாள்.

றிஸானா தலையைக் குனியவில்லை.

“அது ஒரு விளையாட்டு, மாமி. இன்ரநெற்றில. எங்கட கூட்டத்தில மலேசியாவில ஒரு நேர்ஸ் இருக்கிறா. மட்டக்களப்பில ஒரு வாத்தியார். கனடாவில பஸ் ஓடுற ஒராள், அந்த மனுசன் இதுக்கெண்டே விடியவெள்ளன எழும்பி வாறவர். எல்லாரும் சேர்ந்து ஒரு குகைக்குள்ள போவம். அதைத்தான் றெயிட் எண்டுறது. உள்ளுக்கு நெருப்புக் கக்கிற ராட்சதப் பாம்பு. தனியப் போனாச் சாம்பல்தான். ஒராள் முன்னுக்கு நிண்டு அடி முழுக்கத் தான் வாங்கோணும், அது கொம்பன், விளையாட்டில அந்த ஆளின்ர பேர். மற்றாக்கள் வெட்டோணும். நான் பின்னால நிண்டு காயம் ஆத்துவன்.”

சொல்லச் சொல்ல அவள் கண் மின்னியது.

“மாசக்கணக்காத் தோத்துத் தோத்துத் திரும்பி வந்தம். போன கிழமை விழுத்திப்போட்டம்! அண்டைக்கு நான் கத்தினது மணிக்கூட்டுச் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும். உண்மைதான்.”

“உனக்கென்ன விசரே?” ஸஜாத் பல்லைக் கடித்தான். “கலியாணம் கட்டுற வயசில பாம்பு விழுத்துறாவாம்!”

“எனக்கு விருப்பம், நானா. அதால விளையாடுறன். ஆறு மணிக்குப் பிறகு நாய்கூட ரோட்டில நிக்கப் பயப்பிடுற ஊர் இது. அந்த ஒரு இடத்திலதான் நான் பயமில்லாமல் ஓடித் திரியிறன். அதையும் விடச் சொல்லுறீங்களோ?”

ஜொஹறா கையைக் காட்டி இருவரையும் அமர்த்தினா.

“விளையாட்டெண்டா விளையாட்டாவே இருக்கட்டும், மகள். நாங்களும் ஒண்டும் தெரியாத ஆக்களில்லை. அந்தக் கொம்பன் ஆரு, எந்த ஊர், என்ன மாதிரி ஆள் எண்டு மட்டும் சொல்லும். இந்தக் கதையை இதோட விட்டிடுறம்.”

“சொல்லமாட்டன், மாமி.”

ஜொஹறா கணவரைத் திரும்பிப் பார்த்தா.

“சொல்லு” என்றான் ஸஜாத். “சொல்லிப்போட்டு, இனி விளையாடமாட்டன் எண்டும் சொல்லு.”

“ரெண்டும் சொல்லமாட்டன். ஒண்டாச் சேர்ந்து போற ஆக்களைக் காட்டிக்குடுக்கிற பழக்கம் எனக்கில்லை.”

ஜொஹறா எழும்பிவிட்டா. “பேர் சொல்லப் பயப்பிடுறா எண்டா அந்த ஆம்பிளையோட ஏதோ இருக்கு. குறை நினையாதைங்கோ தம்பி, நாங்கள் வாறம்.”

“மாமி, ஒரு நிமிசம்… மாமா, நீங்களாவது இருங்கோ…” ஸஜாத் கெஞ்சினான்.

கச்சு முகம்மது செருப்பைத் தேடத் தொடங்கியிருந்தார். வட்டிலாப்பம் தொட்டும் தொடாமலும் கிடந்தது.

ஸஜாத்துக்குக் கோபம் தலைக்கேறியது. பொம்பிளைப்பிள்ளையை வேலைக்கு விடாதே என்று பட்டாணிச்சூர் ஊர் முழுக்கச் சொன்னபோது, என்ர தங்கச்சியை எனக்குத் தெரியும் என்று மார்தட்டியவன் அவன். நாளைக்குப் பள்ளிவாசலுக்கு எந்த முகத்தோடு போவது?

“கடைசியாக் கேக்கிறன். ஆரடி அந்தக் கொம்பன்?”

“எத்தினை தரம் கேட்டாலும் இதுதான் மறுமொழி.”

“அவனுக்காக என்ர மானத்தைக் கப்பலேத்துறியோ?”

“உங்கட மானம் என்ர விளையாட்டிலயோ இருக்கு, நானா?”

அவன் கை ஓங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. றிஸானா விலகவில்லை. கண்ணை மூடவுமில்லை.

அதற்குள் யாரோ வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது தெரிந்தது. நிஹ்லா. கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள், இப்போது நேராகப் பார்த்தாள். வாசலில் நின்ற விருந்தாளிகளுக்கும் கேட்கும்படிதான் பேசினாள்.

“கையைக் கீழ விடுங்கோ. சனிக்கிழமை மத்தியானத்தில நீங்கள் உங்கட கடையில நிப்பீங்கள். நான் இஞ்ச உங்கட கொம்பியூட்டரில இருப்பன். கொம்பன் நான்தான்.”