பாட்டு டீச்சரின் வரி

ஆசிரியர் அறைச் சுவரில் பெரிய திரை ஒளிர்கிறது. பள்ளியில் மின்னஞ்சலுக்கும் கூடி வேலை செய்வதற்கும் எந்த மென்பொருளை எடுப்பது என்று இன்றைக்குள் முடிவாக வேண்டும். காலையில் பார்த்தது யாருக்கும் பிடிக்கவில்லை. இப்போது இரண்டாவதை ஓட்டிப் பார்க்கிறார்கள். சுற்றுலாத் திட்டம் எழுத ஒரே பக்கம் எல்லார் கணினியிலும் திறந்திருக்கிறது. தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து, பேசவே கூடாது என்ற மருத்துவர் கட்டளையால் கூட்டந்தோறும் வாய்மூடிப் புழுங்கும் பாட்டு டீச்சர், தயங்கித் தயங்கி விசைகளைத் தட்டுகிறார். "பஸ்ல கணக்கு சார் பக்கத்துல யாரும் உக்காராதீங்க. குறட்டை தாங்காது." எழுத்துகள் திரையில் ஒவ்வொன்றாக முளைக்கின்றன, பக்கத்திலேயே அவர் பெயர் பச்சையாக மின்னுகிறது. அறையே வெடித்துச் சிரிக்கிறது. "டீச்சர், நீங்களா இது!" என்று துள்ளி எழுந்த கணக்கு சார், அதே வேகத்தில் உட்கார்ந்து பதில் அடிக்கிறார். "அது குறட்டை இல்ல, ஆலாபனை." அவர் புள்ளி வைப்பதற்குள் கீழே அடுத்த வரி வந்து விழுகிறது. "சுருதி சேரல சார்." அறிவியல் டீச்சர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். நாற்காலிகள் கிறீச்சிட்டு நெருங்கி வருகின்றன. பாட்டு டீச்சரின் தோள்கள் சத்தமில்லாமல் குலுங்குகின்றன. கன்னம் நனைந்திருப்பது அவருக்கே தெரியவில்லை. "அப்போ இதையே எடுத்துக்கலாமா? சரின்னா கை தூக்குங்க," என்கிறார் தலைமையாசிரியர். எல்லாக் கைகளும் சட்டென்று மேலே போகின்றன. பாட்டு டீச்சரின் கைகள் மட்டும் எழவில்லை. அவர் அடுத்த வரியை மும்முரமாக அடித்துக்கொண்டிருக்கிறார்.