அழிக்கச் சொன்னவள்

"இந்தப் படத்துமேல ஒரு சொட்டு சுண்ணாம்பு பட்டாலும் ஊரு தாங்காது சார், சொல்லிட்டேன்!"

ராமராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவருக்கு முன்னால் நின்றான். கட்சியின் நகரச் செயலாளர். கூட்டத்தைக் கண்டால் அவனுக்குத் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும்.

வட்டாட்சியர் அசரவில்லை. அவருக்குப் பின்னால் சுண்ணாம்பு வாளியோடு இரண்டு ஆட்கள் காத்திருந்தார்கள்.

"கத்தாதீங்க. ரெண்டு தெருக்காரங்க கருத்தையும் கேட்டுட்டுத்தான் முடிவு. கடைசி வார்த்தை வசந்தோட அம்மா சொல்றதுதான்."

எல்லோரும் மணியம்மாளைப் பார்த்தார்கள். அவள் சுவரைப் பார்த்தாள்.

ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக அவள் மகன் நின்றான். அவனுக்கு இல்லவே இல்லாத முறுக்கு மீசை. அவன் தொட்டுக்கூடப் பார்க்காத கட்சித் துண்டு. கீழே பெரிய எழுத்தில் 'வீர வணக்கம்'. தோளில் யாரோ கை போட்டிருந்தார்கள். முழங்கையோடு சரி, ஆளைக் காணோம். அந்தச் சட்டைக் கைக்கு வெள்ளை பூசச் சொன்னவன் ராமராஜன்தான். "அது நம்ம தலைவர் கைதாம்மா. வசந்துக்கு எப்பவும் துணையா இருக்குது" என்று விளக்கமும் சொல்லியிருந்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், இரண்டு தெருவும் சேரும் இதே இடத்தில் கொடிக்கம்பம் நடுவதில் தகராறு. இரண்டு தெருவும் கல்லெறிந்துகொண்டன. இந்தத் தெரு வசந்தும் அந்தத் தெரு சுபியானும் ஒரே இடத்தில் விழுந்து செத்தார்கள். சுபியான்தான் வசந்தை அடித்துக் கொன்றான் என்றது இந்தத் தெரு. வசந்த்தான் சுபியானைக் கொன்றான் என்றது அந்தத் தெரு. கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து நெசவாளர்கள் அங்கே தறிக்கான பாவு நூலை நீட்டுவதையே விட்டுவிட்டார்கள். இரண்டு தெருவும் சேர்ந்தால்தான் பாவின் நீளத்துக்கு இடம் போதும்.

"படம் இருக்கட்டும் சார். எங்க தெருவோட மானம் அது" என்றார் டீக்கடைக்காரர்.

"எங்க பசங்க இந்த வழியா ஸ்கூலுக்குப் போவறதுக்கே பயப்படுதுங்க. அழிச்சிடுங்க சார்" என்றார் ஜரிகைக் கடை மொய்னுதீன்.

"இருந்தா இருந்துட்டுப் போவட்டும். அந்தக் கையையாவது ஒழுங்கா வரையச் சொல்லுங்க. சுண்டு விரலு கோணிக்கினு இருக்குது" என்று ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

"வரைஞ்சவன் ஐயம்பேட்டை பெயின்டருபா. போட்டோமேல கட்டம் போட்டு, கட்டத்துல இன்னா இருக்குதோ அத்த அப்படியே சுவத்துல ஏத்தறவன். வசந்த் போன்ல பாதி வெட்டி வெச்சிருந்த போட்டோவத்தான் பார்த்து வரைஞ்சான்" என்றார் டீக்கடைக்காரர்.

"தலைவர் கையைக் கிண்டல் பண்ற வேலை வெச்சிக்காதீங்க!" என்று ராமராஜன் சீறினான். சிரிப்பு அடங்கியது.

மணியம்மாள் முன்னால் வந்தாள்.

"அழிச்சிடுங்க சார்."

"யம்மா, இன்னா பேசற நீ?" ராமராஜன் பதறினான்.

"எம் புள்ள ஷேர் ஆட்டோ ஓட்டிக்கினு இருந்தவன். ஒருத்தர கை நீட்டி அடிச்சவன் இல்ல. அவன ரவுடி மாதிரி வரைஞ்சி வெச்சிருக்கீங்க. வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கறப்போ மீசையப் பெருசாக்கறீங்க. கண்ண மூடினா இந்த மீசதான் வருது. எம் புள்ள மூஞ்சி எனக்கே மறந்துக்கினு வருது, சார்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வட்டாட்சியர் தலையசைக்க, வாளிக்காரன் பிரஷ்ஷைச் சுண்ணாம்பில் முக்கினான்.

"நிறுத்துங்க!"

அந்தத் தெருப் பக்கமிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். மெஹதாப். சுபியானின் தாய். மணியம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூன்று வருடமாக முகத்தில் விழிக்காதவள், என் பிள்ளையை அழிப்பதைக் கண் குளிரப் பார்க்க வந்துவிட்டாளா?

ஆனால் மெஹதாப் சொன்னது வேறு.

"அழிக்காதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

ராமராஜனுக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா சார்! அந்தத் தெருக்காரங்களே வேணும்றாங்க. இதுக்குமேல இன்னா கருத்து கேக்கப் போறீங்க?"

மெஹதாப் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே சுவரிடம் போனாள். வசந்தின் தோளில் இருந்த கைமேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மணியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்க புள்ள மூஞ்சிய அழிக்கறது உங்க இஷ்டம். நான் குறுக்க வரமாட்டேன். இந்தக் கைய மட்டும் உட்டுடச் சொல்லுங்கக்கா. எங்க வூட்ல படம் மாட்டற வழக்கம் இல்ல. அவன் போனும் அன்னிக்கே நொறுங்கிப் போச்சு. ஆதார் கார்டுல இருக்கறது அவன் மாதிரியே இல்ல."

"யாரு மாதிரி?" என்று கேட்டாள் மணியம்மாள்.

"சின்னதுல கதவு இடுக்குல மாட்டி சுண்டு விரலு வளைஞ்சி போச்சுக்கா. எத்தினி வைத்தியம் பார்த்தும் நிமிரல. எங்க சுபியான் கை இது. உங்க புள்ள தோள்ல கை போட்டுக்கினு எடுத்த போட்டோக்கா."

முதலில் சுதாரித்தவன் ராமராஜன்தான்.

"யோவ், இன்னாய்யா பார்த்துக்கினு நிக்கற? மொதல்ல அந்தக் கைய அழி!" என்று கத்தியபடி அவனே பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு சுவருக்குப் பாய்ந்தான்.

அதற்குள் மணியம்மாள் மெஹதாப்பின் பக்கத்தில் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டாள்.

"ஒரு சொட்டு சுண்ணாம்பு பட்டுதுன்னா நான் தாங்கமாட்டேன் ராமராஜா, சொல்லிட்டேன்!"