உட்கருவில் ஒரு கறுப்பு

பேராசிரியர் சண்முகசுந்தரம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

பார்த்துவிட்டார் என்று அவரிடம் ஆய்வு செய்யும் பத்மா நினைத்தாள். இந்த முறை மனிதர் தப்ப முடியாது.

கோழிக் கருவின் ரத்தம் அது. என்னவாக ஆவது என்று இன்னும் முடிவுகட்டாத இளம் செல்கள். அவை சிவப்பணுவாக மாறத் தொடங்கும்போது மட்டும் உட்கருவுக்குள் கொழுப்பு சேர்கிறது. மாறி முடித்ததும் காணாமல் போகிறது. கொழுப்பை மட்டும் பிடித்துக்கொள்ளும் சாயத்தில் அது கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

உட்கருவில் கொழுப்பாவது மண்ணாவது, எல்லாம் வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு என்பது அவர் கட்சி. இன்றும் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் கிடையாது.

மறுபடி செய்யவும் வழியில்லை. குஞ்சாக வேண்டியதை உடைக்கிற பாவம் இனி எனக்கு வேண்டாம் என்று, அடைமுட்டை கொடுத்துவந்த கோவில்பதாகை தாயம்மா சொல்லிவிட்டாள்.

கல்லூரியில் வைத்தால் யாராவது கைவைத்துவிடுவார்கள் என்று பயந்து, ஸ்லைடு பெட்டியை அவள் தினமும் வீட்டுக்கே எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

அவர் அடுத்த ஸ்லைடை வைத்தார். அதற்கடுத்ததையும். நிமிர்ந்தபோது சிரித்தார்.

"இப்பதாம்மா ஒழுங்கா கழுவியிருக்கே. ஒரு புள்ளி இல்ல. நீயே பாரு."

பார்த்தாள். செல்கள் இருந்தன. இன்னொரு சாயம் ஏறிச் சிவப்பாக உட்கருக்கள் இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

நேற்று இருந்ததே. இருந்ததா? வேண்டும் வேண்டும் என்று பார்த்துக் கண்தான் ஏமாற்றியதா? அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"அழுக்குதான் சார்" என்று தன் வாயாலேயே சொன்னாள்.

அவர் அந்த அத்தியாயத்தின் குறுக்கே கோடு இழுத்தார்.

ஆவடியில் ரயிலை விட்டு இறங்கியபோது அவள் கணவன் கஜபதி சைக்கிளோடு நின்றிருந்தான். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தான். ஃபிட்டர் உடுப்பில் கிரீஸ் கறை.

"சாரு இன்னா சொன்னாரு?"

"ரொம்ப சுத்தமா இருக்காம்."

அவனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "சொல்ல மாட்டாரா பின்ன? காலைல நீ குளிக்கப் போனப்போ தொறந்து பாத்தேன். கண்ணாடி மேல ஒரே கறுப்புப் பிசுக்கு. சாராண்ட இப்டியேவா எடுத்துகினு போறதுன்னு, பேரிங் கழுவுற மாறி பெட்ரோல்ல முக்கி எடுத்து வெச்சேன்."

பத்மா சைக்கிள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு வுடல" என்றான் கஜபதி.