வராத வாக்கு

ஒரேயொரு வாக்கால் யோகராணி தோற்றுப்போனாள்.

ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பெண்கள் பாரிசில் கூடி நடத்துகிற பழைய மாணவிகள் சங்கம் அது. ஆண்டு விழாவா, விளையாட்டுப் போட்டியா, எல்லாவற்றுக்கும் செயலாளராக நின்று ஓடித் திரிந்தவள் யோகராணி. இந்த முறை தலைவிக்குப் போட்டியிட்டாள். எதிர்த்து நின்ற நிருபா நேற்றுச் சேர்ந்தவள் மாதிரி.

முடிவு சொன்னதும் யோகராணி எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினாள். நிருபாவைக் கட்டிப்பிடித்து வாழ்த்தும் சொன்னாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ரூ பெர்தொனே தெருவில் தன் தையல் கடையைத் திறந்தபோது, அழுகை கோபமாகியிருந்தது.

"ஆர் வரேல்லை எண்டு கவனிச்சனியே?" சட்டைக்கு அளவு கொடுக்க வந்த அற்புதராணிதான் கேட்டாள். "காய்ச்சல் வருத்தக்காரரும் வந்தவை. உன்ரை இராசமலரை மட்டும் காணேல்லை."

அதுதானே முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது!

சண்டை முடிந்த அடுத்த வருசம் வன்னியிலிருந்து தனியாக வந்து சேர்ந்தவள் இராசமலர். அவளைச் சங்கத்தில் சேர்த்தது யோகராணி. முதல் குளிருக்குக் கோட் வாங்கிக் கொடுத்ததும் யோகராணி. "அக்கா, என்ரை வாக்கு உங்களுக்குத்தான். வெள்ளெனவே வந்து முன்வரிசையிலை இருப்பன்" என்று முதல்நாள்கூடச் சொன்னாளே!

"போன் எடுத்துப் பாத்தனியே?"

"ரெண்டு தரம் எடுத்தனான். நிப்பாட்டி வைச்சிருக்கிறாள்."

"அப்ப விளங்குதுதானே. நிருபா ஒஃபிஸிலை வேலை செய்யிறவள். இவளுக்கும் ஏதும் வேலை எடுத்துத் தாறன் எண்டிருப்பாள். இவள் ரெண்டு பக்கமும் நோகாமல் வீட்டிலை படுத்திட்டாள்."

அற்புதராணி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பின்னேரத்துக்குள் யோகராணி அதை நடந்ததாகவே சொல்லத் தொடங்கினாள். தைக்கக் கொடுக்க வந்தவர்கள், தைத்ததை எடுக்க வந்தவர்கள் எல்லாருக்கும் சொன்னாள். "நன்றி கெட்டவள். வேலைக்கு ஆசைப்பட்டு என்னை வித்துப்போட்டாள்." சொல்லச் சொல்லத் தோல்வியின் பாரம் கொஞ்சம் குறைகிற மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை றமேஸ் வந்தார். இராசமலருக்குப் பெரியம்மா மகன். ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். வேலை உடுப்போடேயே ஓடி வந்திருந்தார்.

"தங்கச்சி, மலரின்ரை விசயமா ஒரு உதவி..."

"றமேஸ் அண்ணை, அவளின்ரை பேரை இந்தக் கடைக்குள்ளை எடுக்காதையுங்கோ."

"இல்லைப் பிள்ளை, நான் சொல்லுறதை ஒருக்கால்..."

"உதவி வேணுமெண்டால் புதுத் தலைவியிட்டைப் போங்கோ. அவவுக்குத்தானே உங்கடை தங்கச்சி துணைபோனவ!"

கடையில் நின்ற இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். றமேஸ் படியிறங்கிப் போனார்.

அன்றைக்குத்தான் யோகராணி வயிறாரச் சாப்பிட்டாள்.

மூன்று கிழமை கழிந்திருக்கும். கடை வாசலில் நிருபா வந்து நின்றாள்.

வென்ற முகத்தைக் காட்ட வந்திருக்கிறாள் என்று யோகராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிசினை நிறுத்தாமலே கேட்டாள்.

"நீர் இஞ்சை என்னத்துக்கு வந்தனீர்?"

"யோகாக்கா, இராசமலரை நேற்றுப் பிளேனிலை ஏத்திப்போட்டாங்கள்."

மிசின் நின்றது.

"எங்கை?"

"கொழும்புக்கு. அகதி வழக்கு எப்பவோ நிராகரிச்சாச்சு அக்கா. விசா இல்லாமல்தான் இருந்தவ. வெக்கத்திலை எங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"எப்ப பிடிச்சவங்கள்?"

"தேர்தல் அண்டைக்கு. கார் து நோர் றெயில்வே ஸ்ரேசனிலை பொலிஸ் மறிச்சிருக்கு. எங்கடை மண்டபத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தவ."

யோகராணி மிசினை விட்டு எழுந்தாள்.

"றமேஸ் அண்ணை வந்தவர்... அதைச் சொல்லவோ?"

"ஓம். றமேஸ் அண்ணைக்கும் விசா இல்லை. மலரை நல்லாத் தெரிஞ்ச, விசா உள்ள ஆராவது கோர்ட்டிலை வந்து, 'என்ரை வீட்டிலை வைச்சிருக்கிறன்' எண்டு சொல்லவேணும் எண்டு லோயர் கேட்டவர். உங்களிட்டை வந்திட்டுப் பிறகு என்னட்டை வந்தவர். நான் போய்ச் சொன்னனான். அவவைப் பற்றி என்னட்டைக் கேட்ட கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியேல்லை. உங்களுக்கெண்டால்..."

தெருவில் மரக்கறி இறக்குகிற வான் ஒன்று ஹோர்ன் அடித்தது.

"அவள்... என்னைப் பற்றி ஏதும் கேட்டவளே?"

"தடுப்பு முகாமிலை போய்ப் பாத்தனான். என்னைக் கண்டதும் முதல் கேட்டதே உங்களைத்தான். 'யோகாக்கா வெண்டிட்டாவோ?' எண்டு கேட்டவ."

"நீர் என்ன சொன்னனீர்?"

நிருபா நிலத்தைப் பார்த்தாள்.

"'ஓம், அவதான் இப்ப தலைவி, அலுவல் கூடிப்போச்சு, அதாலைதான் உம்மைப் பாக்க வரேல்லை' எண்டு சொல்லிப்போட்டு வந்தனான் அக்கா."