வேண்டாத பாட்டு

“இந்தக் கேசட்டைக் கொண்டுபோய்க் குப்பையில போடுய்யா.”

வைத்தீஸ்வரன் வீசிய கேசட், கண்ணாடி மேஜையில் சறுக்கிப் போய்க் கல்லாப்பெட்டியில் முட்டி நின்றது.

வீடியோ கடை பொன்னுரங்கம் அதை எடுத்துத் துடைத்தார். “இன்னா சார், டெக்குல மாட்டிக்கிச்சா?”

“மாட்டியிருந்தாலும் தேவலை. அந்தக் கடற்கரைப் பாட்டு வந்ததும் கோடு கோடா ஓடுது. இந்தத் தாம்பரத்துல எத்தனை பேர் அந்த இடத்துலயே நிறுத்தி நிறுத்தித் தேய்ச்சிருக்கான்?”

தியேட்டரில் ஒரே வாரம் ஓடிப் பெட்டிக்குள் போன படம் அது. போன பிறகுதான் அதற்கு மரியாதை வந்தது. வைத்தீஸ்வரனுக்கோ அது வேதம். பாங்க் வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு.

“மூணு கேசட் இருக்கு பொன்னுரங்கம். மூணையும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பாத்தவன் நான். டிவியில போட்டப்போ பதிவு பண்ணினது ஒண்ணு. நேரமாச்சுன்னு அதுல பாட்டைத் தூக்கிட்டான். சிங்கப்பூர்லேருந்து என் மச்சினன் கொண்டு வந்தது ஒண்ணு. அதுதான் டைரக்டர் நினைச்ச படம். பாட்டே கிடையாது, கிளைமாக்ஸ் முழுசா இருக்கு. உன்கிட்ட இருக்கிறது தயாரிப்பாளர் கைவச்சது. கிளைமாக்ஸை வெட்டிட்டுப் பாட்டைச் சொருகிட்டான்.”

“ஆமா சார். நம்மளுதுலதான் பாட்டு கீது.”

“பெருமை வேறயா? தம்பியைப் பறிகொடுத்துட்டு நிக்கிறான் ஹீரோ. அடுத்த நிமிஷம் ஈரப்புடவையோட ஒருத்தி ஆடறா. பின்னாடி படகு தள்றவன் ஒருத்தன் கேமராவைப் பாத்துப் பல்லைக் காட்டறான். அதைக்கூட வெட்டத் துப்பில்லை.”

பொன்னுரங்கம் சட்டென்று நிமிர்ந்தார்.

“சிங்கப்பூர் பிரதியை இதுமேலயே பதிஞ்சு தரேன். பைசா வேண்டாம். நாலு பேர் நல்ல படம் பாக்கட்டும்” என்றார் வைத்தீஸ்வரன்.

“வேணாம் சார். காலி கேசட் தரேன், அதுல போட்டுக் குடுங்க. இது இப்பிடியே இருக்கட்டும். ஒருத்தங்க இதுக்குன்னே வந்து…”

“யார் வராங்க, எதைப் பாக்க வராங்கன்னு எனக்குத் தெரியாதா? ஈரப்புடவையைக் காட்டிப் பொழைக்கிற பொழைப்பு.”

பொன்னுரங்கத்தின் முகம் கறுத்தது. “நாங்க பயிர் வச்சவங்க சார். நெலத்தை வித்துட்டுத்தான் கடை வச்சோம். மானத்தை விக்கல. நீங்க கெளம்புங்க.”

வீடு திரும்பும் வழியெல்லாம் வைத்தீஸ்வரனுக்குக் கொதித்தது. ஒரு கலைஞனின் படத்தைச் சிதைத்தவன் ஒருவன். சிதைத்ததைக் காப்பாற்றி வைத்திருப்பவன் இன்னொருவன். இவனுக்கு ரோஷம் வேறு.

அடுத்த வாரம், பொன்னுரங்கம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போனார். கல்லாவில் இருந்த அவர் மனைவி ஜெயக்கொடியிடம் அதே கேசட்டை வாடகைக்குக் கேட்டார். அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

யாரும் அழித்துவிடக் கூடாது என்று கேசட்டின் முதுகில் இருந்த சின்ன பிளாஸ்டிக் மூடியைப் பொன்னுரங்கம் உடைத்து வைத்திருந்தார். அந்த ஓட்டையின் மேல் செலோடேப்பை ஒட்டினால் போதும், மறுபடி பதியலாம். வைத்தீஸ்வரன் ஒட்டினார். மச்சினன் வீட்டு டெக்கையும் கொண்டுவந்து, ஒயர் போட்டு இரண்டையும் இணைத்தார்.

பொத்தானை அமுக்கும்போது விரல் ஒரு கணம் தயங்கியது. அடுத்தவன் பொருளாயிற்றே, இது தப்பில்லையா? சித்திரத்தின் மேல் ஒட்டிய போஸ்டரைக் கிழிப்பது தப்பா? தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு அமுக்கினார்.

கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கடை வாசலில் காலி மீன்கூடையுடன் ஒரு பெண்மணி நின்றிருந்தாள். வைத்தீஸ்வரன் மூக்கைச் சுளித்துக்கொண்டு அவளைச் சுற்றி உள்ளே போனார்.

அவர் கையில் இருந்த கேசட்டைப் பார்த்ததும் பொன்னுரங்கம் பிடுங்காத குறையாக வாங்கினார். “இத நீங்களா எடுத்துக்கினு போனீங்க? பூவம்மா அப்பத்துலேருந்து நின்னுகினு கீது.”

கடை டிவியில் கேசட்டைப் போட்டு, வேகமாக ஓட்டி நிறுத்தினார். ஹீரோ கரையில் நின்று அழுதான். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. அடுத்து விடிந்தது. சாவு வீடு வந்தது.

“பாத்தியா, ஒரு கோடு இருக்கா?” என்றார் வைத்தீஸ்வரன்.

பூவம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். “இன்னாப்பா, அந்த எடம் வரலியே.”

பொன்னுரங்கம் பின்னால் ஓட்டினார், முன்னால் ஓட்டினார். கேசட்டை வெளியே எடுத்து முதுகைத் திருப்பினார். செலோடேப் பளபளத்தது.

“கோவளத்துல ஷூட்டிங் எடுத்தப்போ, படகு தள்ளிகினே சிரிச்சானே ஒருத்தன். பல்லைக் காட்டறான்னு சொன்னீங்களே. அது இவங்க புள்ள சார்.” குரல் வெளியே கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். “அடுத்த மாசமே கடலுக்குப் போனான். திரும்பல. வூட்டுல ஒரு போட்டோகூடக் கெடையாது. மீன் வித்துட்டு பஸ் ஏறுறதுக்கு மின்னாடி இங்க வந்து ஒருவாட்டி பாத்துட்டுப் போவும். அதத்தான் அழிச்சிட்டு வந்து கோடு இருக்கான்னு கேக்கறீங்க.”

வைத்தீஸ்வரன் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னாப்பா, கேசட்டு மாறிப்போச்சா?” வாசலில் இருந்தே கேட்டாள் பூவம்மாள். “அந்த சாருக்குத் தெரியுமா இந்தப் படம்?”

“தெரியாம இன்னா? மூணு கேசட்டையும் ஒத்துப் பாத்தவரு” என்றார் பொன்னுரங்கம், அவரை வெறித்தபடியே.

பூவம்மாளின் முகம் மலர்ந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி முதல்முறையாகப் படியேறி உள்ளே வந்தாள்.

“அப்ப நீயே சொல்லு சாமி. மீதி ரெண்டுல, எதுல எம்புள்ள சிரிக்கிறான்?”