அழுவதற்குத் தோதில்லாத இடம்

ஜன்னலோர மேசை இருக்கிறது, கீழே ஆறும் பாலமும் தெரியும் என்றாள் போனில் ஓட்டல்காரப் பெண்.

வேண்டாம், நடுக்கூடத்தில் கொடுங்கள் என்றேன். நாலு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நடுக்கூடத்திலா என்று அவள் திரும்பக் கேட்டாள். அத்தனை மாடி ஏறி வந்து இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எதிரே அப்பா லேப்டாப்பில் அறையின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளியல் தொட்டியைப் பெரிதாக்கி, "இதுல எருமையே படுத்துக்கலாம் போலிருக்கே" என்றார். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சிரித்தாள்.

அம்மா அப்பாவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறேன், ஐந்து நட்சத்திர ஓட்டல் என்று அலுவலகத்தில் சொன்னபோது, கொடுத்து வைத்தவர்கள் என்றார்கள். நானும் அடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

நான் முதலில் தேர்ந்தெடுத்தது அந்தச் சாப்பாட்டுக் கூடத்தைத்தான். நகரம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

காலடி ஓசையை விழுங்கும் கம்பளம். ஓரமாக ஒருவர் பியானோ வாசிக்கிறார். படத்திலேயே எல்லோரும் ரகசியம் பேசுகிற மாதிரிதான் இருக்கிறார்கள். கரண்டி தட்டில் பட்டால்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அங்கே அம்மாவால் அழ முடியாது.

நான் என் கணவரை விட்டு வந்துவிட்டேன். மூன்று மாதமாகத் தனி வீட்டில் இருக்கிறேன். கடைசி நாள் இரவு, இனிப்பு வரும் நேரத்தில் சொல்லிவிடுவதாகத் திட்டம்.

எங்கள் வீட்டில் கெட்ட சேதியை வீட்டுக்குள் சொல்கிற வழக்கம் கிடையாது. அண்ணன் பரீட்சையில் கோட்டை விட்டது ஐஸ்கிரீம் கடையில் வெளியானது. அம்மாவுக்கு ஆபரேஷன் என்பதை மேசைவிரிப்பு போட்ட ஓட்டலில் கேட்டேன். அண்ணன் போன நாட்டிலேயே தங்கிவிடப் போகிறான் என்றபோது லிஃப்டில் ஏறிப் போகும்படியான இடம். சேதியின் கனத்துக்கு ஏற்ப ஓட்டலும் உயரும். "நல்ல துணியா போட்டுக்கோ, வெளிய சாப்பிடப் போறோம்" என்றாலே இந்தத் தடவை யாருக்கு என்னவோ என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

டிவியில் யாரோ யாருக்கோ தாலி கட்டினாலே அம்மாவுக்குக் கண் நிறைந்துவிடும். சொந்தக் கஷ்டத்துக்கு எவ்வளவு அழுவாள்? அந்தக் கணக்கைப் போட்டுத்தான் அப்பா எங்களை வெளியே கூட்டிப்போகிறார் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே புரிந்துவிட்டது. நாலு பேர் முன்னால் அம்மா மூச்சு விடமாட்டாள். அப்பாவோ மெனு அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கடைசி வரி வரை படித்துக்கொண்டிருப்பார்.

என் சேதிக்கு உள்ளூரில் ஓட்டல் இல்லை.

"மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காதாம்மா?" என்றார் அப்பா.

"கிடைக்காதுப்பா."

"பாவம், மனுஷனுக்கு எந்நேரமும் வேலை."

அன்றைக்கு ஏதாவது விசேஷமா, சிறிய கேக் ஒன்று எங்கள் அன்பளிப்பாகத் தருவோம் என்றாள் ஓட்டல்காரப் பெண். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "ஆமான்னு சொல்லும்மா, சும்மா வர்ற கேக்கை ஏன் விடணும்?" என்று அப்பா கிசுகிசுத்தார்.

விசேஷம்தான் என்றேன்.

ஆண்கள் கோட்டு அணிந்து வர வேண்டும் என்று சொல்லி அவள் போனை வைத்தாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் கல்யாணக் கோட்டு இருக்கு. பட்டன் போடாட்டி எனக்குச் சரியாத்தான் இருக்கும்" என்று உள்ளே போனார். பீரோ கதவு கிறீச்சிட்டது.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"போன மாசம் உன் போன் கிடைக்கலைன்னு மாப்பிள்ளைக்குப் போட்டேன். நீ குளிச்சிட்டு இருக்கேன்னாரு. மத்தியானம் போட்டேன், அப்பவும் குளிச்சிட்டு இருந்தே. ராத்திரியும் குளியல்தான். அவருக்குப் பொய் சொல்லவே வரலை, பாவம்."

நான் லேப்டாப்பை மூடினேன். பிறகு எதற்கோ திறந்தேன்.

"அம்மா..."

"அழ வேண்டியதை எல்லாம் அழுதாச்சு. அப்பா வாக்கிங் போற நேரமாப் பார்த்து, தினம் கொஞ்சம். என்னை அழவிடாம இருக்க இவ்வளவு தூரம் பிளேன்ல போகணுமா?"

கேன்சல் செய்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"போடி பைத்தியம். உங்கப்பாவுக்கு இன்னும் தெரியாதுடி."

உள்ளே அப்பா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு டிரங்குப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. அம்மா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கல்யாணமான புதுசுல அவர் தங்கச்சி செத்துப்போனப்ப ஒருதரம் பார்த்தேன். தரையில உருண்டு அழுதாரு. மூணு நாள் யாராலயும் நிறுத்த முடியலை. அதுக்கப்புறம் எதுவா இருந்தாலும் வெளிய கூட்டிட்டுப் போய்த்தான் சொல்றது. நாலு பேர் இருந்தா எப்படியோ அடக்கிக்குவாரு."

நறுக்கிய பீன்ஸை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள்.

"நடு மேசைன்னு சொன்னியே, அது ரொம்ப நல்லது."

அப்பா வந்து நின்றார். கோட்டு தோளில் ஏறியிருந்தது. வயிற்றுப் பக்கம் பட்டனும் துளையும் கோபித்துக்கொண்ட சம்பந்திகள்போல் விலகி நின்றன. கையை விரித்து, குழந்தை மாதிரி ஒருமுறை சுற்றிக் காட்டினார்.

"எப்படி இருக்கு?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா எழுந்து போய்க் காலரைச் சரிசெய்தாள். தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்தாள்.

"ராஜா மாதிரி இருக்கீங்க. உள்பக்கம் பாக்கெட் இருக்கான்னு பாருங்க, கர்சீப் வைக்கணும்."